காகிதம் நம் கையில், நிலம் அடுத்தவர் கையில்: பறிபோன இடத்தை மீட்பது எப்படி?

சாயல்குடிக்குத் தெற்கே, கடலைப் பார்த்தபடி எங்களுக்கு ஒரு பனங்காடு உண்டு. தாத்தா 1958-இல் கிரயம் வாங்கியது. பத்திரத்தில் "மேற்படி நிலத்திலுள்ள பனை 38-ம், கிணற்றில் பாதிப் பாத்தியமும்" என்று எழுதியிருக்கும். அப்பா சவூதியில் இருந்த வருடங்களில் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. சீமைக்கருவேலம் மண்டிப்போனது. பக்கத்துப் புலத்துக்காரர் முள்ளை வெட்டினார், மூட்டம் போட்டுக் கரி விற்றார், அப்புறம் வேலியையும் நகர்த்திக்கொண்டார். போய்க் கேட்டபோது, "இத்தனை வருசமா எங்கப்பா இருந்தீங்க?" என்றார்.

பத்திரத்தை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசை ஓரத்தில் வைத்தார். "தம்பி, பத்திரம் சரியா இருக்கு. கடைசியா நீங்க அந்த இடத்துல கால் வச்சது எப்போ? வேலி எப்போ நகர்ந்துச்சு? தேதி சொல்லுங்க."

என்னிடம் தேதி இல்லை. அந்தத் தேதியைத் தேடிப் பிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. வெளிநாட்டிலோ சென்னையிலோ திருப்பூரிலோ இருந்துகொண்டு ஊரில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு அந்த நான்கு மாதத்தை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

உரிமை வேறு, சுவாதீனம் வேறு

நிலம் யாருடையது என்பது உரிமை. நிலத்தில் இன்று யார் இருக்கிறார், யார் உழுகிறார், யார் பூட்டுப் போட்டிருக்கிறார் என்பது சுவாதீனம். கோர்ட்டில் இந்தச் சொல்தான் புழங்கும். ஊர்ப்பேச்சில் அனுபவம் என்பார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும்வரை வித்தியாசமே தெரியாது. பிரிந்த பிறகுதான் இரண்டும் தனித்தனி என்று உறைக்கும்.

நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு நிலத்தை ஒத்திக்கு விட்டால் விளைச்சல் ஒத்திக்காரருக்கு, நிலம் நமக்கு. அவர் நாற்பது வருடம் உழுதாலும் ஒத்திக்காரர்தான். நிலத்தை அனுபவிக்கும் வகை ஒத்தியில், ஒத்தி வைத்து இத்தனை வருடம் ஓடிவிட்டது என்ற ஒரே காரணத்தால் மீட்கும் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தாத்தா காலத்து ஒத்தி என்று கைகழுவியவர்கள் அந்தச் சீட்டைத் தேடி எடுத்துப் பாருங்கள்.

வாடகைக்கு இருப்பவர், காவலுக்கு வைத்தவர், "சும்மா இருந்துக்கோ மாப்ளே" என்று நாம் குடிவைத்த சொந்தக்காரர் எல்லோரும் நம் சம்மதத்தில் இருப்பவர்கள். சம்மதத்தில் இருக்கும்வரை அந்த இருப்பு உரிமையாக மாறாது. காவல்காரர் எத்தனை வருடம் இருந்தாலும் உரிமை வராது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. காகிதமே இல்லாமல் அமைதியாக, நிலையாக ஓர் இடத்தில் இருப்பவரையும் சட்டம் காக்கும். உண்மையான உரிமையாளர் தவிர வேறு யாரும் அவரை அசைக்க முடியாது. உரிமையாளரும் கோர்ட் வழியாகத்தான் அசைக்க வேண்டும்.

முதலில் செய்யக் கூடாதது

நான்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் வேலியைப் பிடுங்காதீர்கள். பூட்டை உடைக்காதீர்கள். ஜேசிபி கூப்பிடாதீர்கள். ஊரில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். கண்முன்னே ஒருவர் புதிதாக உள்ளே நுழைகிறார் என்றால் அந்த நேரத்தில் தடுக்கலாம். அவர் குடியமர்ந்து நிலைத்துவிட்ட பிறகு கை வைத்தால், நீங்கள்தான் அத்துமீறியவர் ஆகிவிடுவீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவில் வழக்கு உங்கள் மேல் வரும்.

அதோடு நிற்காது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைப் பரிகாரச் சட்டம், 6-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சம்மதமும் சட்ட நடைமுறையும் இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், யார் உரிமையாளர் என்ற கேள்விக்கே போகாமல் கோர்ட் அவரைத் திரும்ப உள்ளே விடும். அவர் ஆக்கிரமிப்பாளராகவே இருந்தாலும் சரி. அந்தத் தீர்ப்பின் மேல் அப்பீலும் கிடையாது.

இந்தப் பிரிவு உங்களுக்கும் உதவும். போன மாதம்தான் உங்களை வெளியேற்றினார்கள் என்றால், உரிமைப் பத்திரங்களைத் தூசி தட்டி வருடக்கணக்கில் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆறு மாதம் முடிவதற்குள் இந்த வழக்கைப் போடுங்கள். "நான் இருந்தேன், இந்தத் தேதியில் வெளியே தள்ளினார்கள்" என்பதைக் காட்டினால் போதும். குத்தகைக்காரரும் போடலாம். அரசுக்கு எதிராக மட்டும் இந்தப் பிரிவில் வழக்குப் போட முடியாது.

காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். "இது சிவில், கோர்ட்டுக்குப் போங்க" என்று சொன்னாலும் அந்த ரசீதில் தேதி இருக்கும். அடிதடி வரும் நிலை என்றால் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் முன்னால் விசாரணை நடக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 145-ஆம் பிரிவு, இப்போது 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 164. அங்கேயும் யார் உள்ளே இருந்தார் என்று மட்டும்தான் பார்ப்பார்கள். போலீஸ் அறிக்கைக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் தள்ளப்பட்டவரையும் உள்ளே இருந்தவராகவே கணக்கில் எடுப்பார்கள்.

காகிதங்களைச் சேர்ப்பது

கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், பாகப்பிரிவினை அல்லது உயில் இருந்தால் அது, வாரிசுச் சான்று. இவைதான் உரிமையைக் காட்டும். பத்திரம் தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். பதிவான பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். மனு போட்டால் சான்று நகல் தருவார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது வீட்டோடு பெட்டியும் போனது. அப்படிப் பெட்டி பறிபோன குடும்பம்கூடத் தேடிப்போகக்கூடிய இடம் பதிவு அலுவலகம்.

வில்லங்கச் சான்றை முடிந்தவரை பின்னோக்கிப் போடுங்கள். கணினியில் வராத வருடங்களுக்குக் கையால் தேடித் தருவார்கள். இடையில் யாராவது உங்கள் சர்வே எண்ணுக்குப் பத்திரம் போட்டிருந்தால் இதில் தெரிந்துவிடும்.

பட்டா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் இடறுவது இங்கேதான். பட்டா பேரில் இருந்தால் நிலம் நம்முடையது, பட்டா மாறிவிட்டால் நிலம் போச்சு என்று நினைக்கிறோம். இரண்டும் தவறு. பட்டா வருவாய்த்துறையின் பதிவு. அது நல்ல சாட்சி, ஆனால் அதுவே உரிமையை உண்டாக்காது. நம் மாவட்டத்தில் இது இன்னும் சிக்கல். கடற்கரையின் பெரும்பகுதி சேதுபதி சமஸ்தானத்தில் இருந்தது. 1948-இல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் செட்டில்மெண்ட் என்ற நில விசாரணை நடந்து, நிலத்துக்காரருக்கு அரசே நேரடியாகத் தரும் ரயத்துவாரிப் பட்டா வந்தது. அப்புறம் 1980-களில் யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டு வேலை நடந்தது. அதில் பல புலங்கள் அடுத்தவர் பேருக்கு ஏறிவிட்டன. எங்கள் புலத்திலும் பாதி அப்படித்தான் போயிருந்தது. உங்கள் பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும், பட்டாவில் புது எண் இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான் என்று காட்டும் ஒப்பீட்டுப் பதிவை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் வழக்கு நொண்டும்.

பட்டா தவறாக மாறியிருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலர். ஆனால் உரிமையிலேயே தகராறு என்றால் அவர்களும் சிவில் கோர்ட்டுக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே வருடங்களைக் கரைக்காதீர்கள். பட்டா மேல்முறையீடு நடக்கிறது என்பதற்காக சிவில் வழக்குக்கான கெடு நிற்காது.

தேதியைக் கண்டுபிடிப்பது

அடங்கல் நகல் எடுங்கள். எந்த நிலத்தை யார் பயிரிடுகிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் பசலி வாரியாக எழுதுவது. பசலி என்பது வருவாய்த்துறையின் ஆண்டு, ஜூலையில் தொடங்கும். ஆங்கில வருடத்தில் 590 கழித்தால் பசலி வரும், 2024 ஜூலையில் தொடங்கியது 1434. எந்தப் பசலி வரை உங்கள் பெயர், எதிலிருந்து அவர் பெயர் என்று பாருங்கள். தீர்வை ரசீது, வீட்டு வரி, மின் இணைப்பு, கிணற்று மோட்டார் வாங்கிய பில் எல்லாம் சேர்த்து வையுங்கள்.

எங்களுக்கு உதவியது ஒரு பனையேறி ஐயாவின் நோட்டு. பதநீர்க் காலத்தில் யார் காட்டில் எத்தனை மரம் ஏறினேன், எவ்வளவு பாட்டம் கொடுத்தேன் என்று நீல மையில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். 2013 ஆனி வரை எங்கள் அப்பா பெயரில் 31 மரம். அடுத்த தையில் அந்த வரி இல்லை. "அந்த வருசம் போனேன், வேலி போட்டு அடைச்சிருந்துச்சு தம்பி, திரும்பிட்டேன்" என்றார். கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் திருப்பிப் பார்த்தோம். 2013-க்கும் 2014-க்கும் நடுவில் முள்வேலிக் கோடு இடம் மாறியிருந்தது. படம் மட்டும் இருந்தால் கோர்ட் எடுத்துக்கொள்வது சிரமம். நோட்டு, சாட்சி, அடங்கல், படம் நான்கும் ஒரே வருடத்தைக் காட்டியதால் நின்றது.

இந்தத் தேதி ஏன் உயிர்? கால வரம்புச் சட்டம் உரிமையாளருக்கு 12 வருடம் தருகிறது. அடுத்தவரின் இருப்பு நமக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து எண்ண வேண்டும். 12 வருடம் சும்மா இருந்தால் வழக்குப் போடும் உரிமை மட்டும் போகாது, 27-ஆம் பிரிவின்படி நிலத்தின் மேலுள்ள உரிமையே அணைந்துவிடும். 2019-இல் உச்ச நீதிமன்றம், அப்படி 12 வருடம் கழித்தவர் தானே வாதியாக வந்து உரிமை கேட்கலாம் என்றும் சொல்லிவிட்டது.

இப்படி உரிமையாளருக்கு எதிராக 12 வருடம் வைத்திருப்பதைத்தான் எதிரிடை அனுபவம் என்பார்கள். ஆனால் அதை வாயால் சொன்னால் போதாது. ஒளிவு மறைவில்லாமல், இடைவிடாமல், உரிமையாளருக்கு எதிராகத் தனக்கென்றே வைத்திருந்ததை அவர்தான் நிரூபிக்க வேண்டும். எந்தத் தேதியில் தொடங்கியது என்றும் அவர் சொல்ல வேண்டும். முள் வெட்டினேன், ஆடு மேய்த்தேன் என்பது அந்த அளவுக்குப் போகாது.

எந்த வழக்கு?

2008-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு நேரான பாதை காட்டியது. நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள், உரிமையிலும் சிக்கல் இல்லை, தொந்தரவு மட்டும்தான் என்றால், தொந்தரவு செய்யாதே என்று தடை கேட்கும் உறுத்துக்கட்டளை வழக்கு போதும். ஊரில் இஞ்சங்ஷன் என்பார்கள். நீங்கள் வெளியே இருக்கிறீர்கள் என்றால் சுவாதீனம் கேட்டுத்தான் வழக்குப் போட வேண்டும். உரிமையிலேயே எதிராளி கை வைக்கிறார், அவரிடமும் ஒரு பத்திரம் இருக்கிறது என்றால் நிலம் உங்களுடையது என்று கோர்ட் அறிவிக்கும் உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வெளியே இருந்துகொண்டு வெறும் இஞ்சங்ஷன் கேட்பது நான் பார்த்த மிகப் பெரிய பிழை. கட்டணம் குறைவு என்பதற்காகச் செய்வார்கள். ஐந்து வருடம் கழித்து, "வாதி சுவாதீனத்தில் இல்லை" என்று ஒரே வரியில் தள்ளுபடி ஆகும். அதற்குள் 12 வருடக் கெடு நெருங்கியிருக்கும். அதேபோல, வெளியே இருப்பவர் சுவாதீனம் கேட்காமல் விளம்புகை மட்டும் கேட்டால் கோர்ட் தராது.

உரிமையும் சுவாதீனமும் கேட்கும் வழக்கில் நிலத்தின் சந்தை மதிப்பில் நீதிமன்றக் கட்டணம் வரும். தமிழ்நாட்டில் முன்பு ஏழரை சதவீதம், 2017-இல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். கையில் பணம் இல்லை என்றால் ராமநாதபுரம் கோர்ட் வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், புயல் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் வருமானக் கணக்கு இல்லாமலே இலவச வக்கீல் கேட்கலாம். நம் ஊர்ப் பெண்கள் இதைக் கேட்டுப் பெறுவது குறைவு, அது எனக்கு வருத்தம்.

கடற்கரைக்கே உரிய சில சிக்கல்கள்

மீனவர் குடியிருப்புகளில் பல வீடுகள் கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில் இருக்கும். பத்திரமே இருக்காது. அங்கே தலைமுறையாகக் குடியிருந்ததுதான் பெரிய சாட்சி. வீட்டு வரி, ரேஷன் கார்டு, மின் இணைப்பு, நத்தம் பட்டா எல்லாவற்றையும் பத்திரம் போலப் பாதுகாத்து வையுங்கள்.

கடலோரப் புறம்போக்கு வேறு கதை. அரசு நிலத்தில் ஆக்கிரமித்து இருப்பதற்கு வருவாய்த்துறை போடும் பி மெமோவுக்குப் பணம் கட்டிய ரசீது உரிமைச் சீட்டு ஆகாது. இடம் அரசுடையது என்று நாமே ஒப்புக்கொள்ளும் சீட்டு அது. அரசுக்கு எதிராக 30 வருடம் வேண்டும், கோர்ட்டும் எளிதில் ஏற்காது. அரசின் மேல் வழக்குப் போடும்முன் பொதுவாக இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முஸ்லிம் குடும்பங்களில் வாய்மொழியாகக் கொடுக்கும் ஹிபா என்ற தானம் உண்டு. பதிவு இல்லாமலே செல்லும். கொடுத்தேன் என்ற சொல், வாங்கினேன் என்ற ஏற்பு, சுவாதீனம் ஒப்படைப்பு மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவது நடந்ததற்குச் சான்று இல்லாமல்தான் பின்னால் தகராறு வருகிறது. வீட்டு வரியையாவது அன்றே வாங்கியவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

அண்ணன் உழுகிறார், தங்கைகளுக்குப் பங்கு இல்லை என்கிறார் என்றால் இந்த 12 வருடப் பயம் பெரும்பாலும் வேண்டாம். கூட்டுச் சொத்தில் ஒருவர் இருப்பது எல்லோருக்காகவும் இருப்பது. வெளிப்படையாக "உனக்குப் பாத்தியமே இல்லை" என்று மறுத்து ஒதுக்கினால்தான் கணக்குத் தொடங்கும். அங்கே போட வேண்டியது பாகப்பிரிவினை வழக்கு.

வள்ளம், வலை, வெளியிணைப்பு இன்ஜின் போன்றவற்றை ஒருவர் எடுத்துவைத்துக்கொண்டு தர மறுத்தால் அவற்றையும் வழக்குப் போட்டு மீட்கலாம், ஆனால் கெடு மூன்று வருடம்தான். இன்ஜின் நம்பர் உள்ள பில்லையும் மீன்வளத்துறைப் பதிவையும் கரையில் உள்ள வீட்டில் வையுங்கள், படகில் வைக்காதீர்கள்.

கல்லைக் கண்டுபிடித்த நாள்

எல்லைத் தகராறில் முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் அளந்து அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லி மனு போடுங்கள். எதிராளி மறித்தால் சர்வேயர் திரும்பிவிடுவார். அப்போது இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர, கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனரைக் கேட்க வேண்டும். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. கமிஷனர் அம்மா, சர்வேயர், இரு தரப்பு வக்கீல்கள் என எல்லோரும் காலை வெயிலில் நின்றோம். புலப்படத்தை விரித்து, ஒரு மூலையிலிருந்து சங்கிலி பிடித்துக்கொண்டே வந்த சர்வேயர், ஒரு கருவேலம் தூரைக் காட்டி, "இதுக்கு அடியில பாருங்க" என்றார். தூரைத் தோண்டினோம். ஒரு முழ ஆழத்தில், வேர் இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்தபடி, தலையில் வெட்டுக்குறியோடு கல் நின்றது. வேலி அந்தக் கல்லிலிருந்து 14 மீட்டர் எங்கள் பக்கம் உள்ளே வந்திருந்தது. பக்கத்துப் புலத்துக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டார். அன்றைக்கு அவர் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டார். லோக் அதாலத்தில் முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அப்பீலும் இல்லை. எனக்கு முழு வருமானக் கணக்கும் கேட்க ஆசை இருந்தது, கோர்ட்டில் கேட்கவும் முடியும். அப்பாதான், "கரி வித்த காசு போகட்டும், மண்ணு வரட்டும்" என்றார்.

சமாதானம் ஆகாமல் தீர்ப்பு வாங்கியவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். தீர்ப்பு வந்ததும் நிலம் தானாக வந்துவிடாது. நிறைவேற்று மனு போட வேண்டும். கோர்ட் ஊழியரான அமீனா வந்து இடத்தை அளந்து, தேவைப்பட்டால் போலீஸ் காவலோடு பூட்டை உடைத்து, உங்களிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவார். இதற்கு 12 வருடம் வரை நேரம் உண்டு. இருந்தாலும் தீர்ப்பை மடித்து பீரோவில் வைத்துவிடாதீர்கள்.

இடம் கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டியவை: நான்கு மூலையிலும் கல் ஊன்றுங்கள், வேலி போடுங்கள், தேதியோடு படம் எடுங்கள். யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொன்னால், நெருங்கிய சொந்தமானாலும், எழுத்தில் போடுங்கள். வருடா வருடம் தீர்வையை உங்கள் பெயரில் கட்டுங்கள், அடங்கலில் உங்கள் பெயர் ஏறுகிறதா என்று பாருங்கள். பனை இருந்தால் ஏற விடுங்கள். எங்கள் காட்டில் இப்போது அந்த ஐயாவின் மகன் ஏறுகிறார். முத்திரைத் தாளில் பாட்டச் சீட்டு எழுதிக்கொண்டோம், அதில் மரத்தின் எண்ணிக்கையையும் போட்டோம். 38-இல் 29 நிற்கிறது.